செவலைக்குக் கற்றுக்கொடுத்தது

செவலை என்கிற தெருநாய் கல்கத்தாவின் பாலிகஞ்சில் அந்த வீட்டுக்கு வந்தபோது அதற்கு ஒரு வயதிருக்கும். வந்தது என்பதைவிட, மாடிப்படிக்கு அடியில் புகுந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2002 ஜனவரி. யாரோ அதன் முதுகில் கொதிக்கிற சோற்றுக் கஞ்சியை ஊற்றியிருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு மயிர் போய்ச் சதை தெரிந்தது. மூன்று மாடிக் கட்டடத்தில் ஆறு குடித்தனம். எல்லோரும் அதைத் தாண்டித்தான் மேலே போனார்கள். முதல் மாடி அருக்காணி மட்டும் இறங்கி வந்து, நாலு படி தள்ளி ஒரு கிண்ணத்தில் தயிர்சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பார்த்தால் அது தின்னாது என்பது இரண்டாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அருக்காணிக்கு நாற்பத்தாறு வயது. கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. கணவர் பரமசிவம் பொதுத்துறைக் கம்பெனியில் அதிகாரி. வீடு கம்பெனி கொடுத்தது. ஒரே மகள் அனுராதா பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலுக்குள் புண் ஆறிவிட்டது. செவலை படியேறி வந்து பால்கனியில் படுத்துக்கொள்கிற அளவுக்கு ஆயிற்று. சிவந்த நிறத்துக்கு ஊரில் வைக்கிற பேரையே அருக்காணி அதற்கும் வைத்தாள். அவள் நடந்தால் பின்னால் நடக்கும். உட்கார்ந்தால் எதிரில் உட்காரும். ஆனால் கையை நீட்டினால் போதும், வாலை இடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நடுங்கும். கிண்ணம் வைக்கிற கைக்கும் கஞ்சி ஊற்றிய கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. தடுப்பூசி போட வேண்டும், கழுத்தில் பட்டை கட்ட வேண்டும். தொடவே முடியாத நாயை என்ன செய்வது?

மே மாத விடுமுறைக்கு வந்த அனுராதாதான் வழி கண்டுபிடித்தாள். கரியாஹாட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், எட்டுப் பக்கம் அச்செடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கையை மூக்கால் வந்து தொடுவதற்கு நாயைப் பழக்குவது பற்றி அதில் இருந்தது. அடிக்கவோ இழுக்கவோ கூடாது. சரியாகச் செய்தால் அந்த நொடியே அதற்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் முறை. அருக்காணி எட்டுப் பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாள். முக்கியமானதைச் சுருக்கெழுத்து நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. கையை நம்பி வருகிற நாயிடம், அந்தக் கையைக் காட்டி அதற்குப் பிடிக்காத எதையும் ஒருபோதும் செய்யாதீர்கள். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

தினமும் காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் பத்து நிமிஷம், வந்த பிறகு பத்து நிமிஷம். கோழி ஈரலை வேகவைத்துப் பட்டாணி அளவுக்கு நறுக்கி இடது கையில் வைத்துக்கொள்வாள். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து வலது கையை முழங்காலுக்கு அருகில் உள்ளங்கை தெரிய வைப்பாள். கையை நாயிடம் கொண்டுபோகக் கூடாது, நாய்தான் கைக்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. முதல் வாரம் செவலை கையைப் பார்த்தது, அவ்வளவுதான். பார்த்ததற்கே ஒரு துண்டு போட்டாள். இரண்டாம் வாரம் ஒரு அடி எடுத்து வைத்தது. அதற்கும் ஒன்று. பதினெட்டாம் நாள் கழுத்தை நீட்டி, பின்னங்கால்கள் ஓடத் தயாராக நிற்க, ஈர மூக்கை அவள் விரல் நுனியில் ஒற்றிவிட்டுச் சட்டென்று பின்வாங்கியது.

"சரி" என்றாள் அருக்காணி. ஈரல் துண்டை வைத்தாள். அவள் குரலைக் கேட்டு உள்ளேயிருந்து பரமசிவம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

அதன் பிறகு வேகமாகப் போயிற்று. மூக்கு படுவது பழகியதும் "தொடு" என்ற சொல்லைச் சேர்த்தாள். கையை ஒரு அடி தள்ளி வைத்தாள், பிறகு அறையின் மறுகோடியில் வைத்தாள். ஜூலையில், படியில் நின்று "தொடு" என்று கையை நீட்டினால் பால்கனியிலிருந்து நகங்கள் சரசரக்க ஓடிவந்து உள்ளங்கையில் மூக்கை இடித்துவிட்டு நின்றது. அந்த மாதம்தான் அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். கழுத்துப்பட்டையும் கட்டினாள். ஊசி போடுவதற்கு மட்டும் கையைக் காட்டி ஏமாற்றாமல், டாக்டரை வீட்டுக்கு வரவழைத்து, கிண்ணத்தில் முழு ஈரலையும் வைத்துவிட்டுப் போடச் சொன்னாள்.

பரமசிவத்துக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாக இருந்தது. "ஊரெல்லாம் நாய் மனுசங்கிட்டக் கையேந்தும். நீ நாய்கிட்டக் கையேந்தி உக்காந்திருக்கறே" என்பார். ஆகஸ்டில் அவர் மாறினார். சாயங்காலம் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். உனக்கு மட்டும்தான் வருமா, வேறு யார் நீட்டினாலும் வருமா என்று கேட்டார். அதற்கும் அந்தத் தாளில் வழி இருந்தது: பழகியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து அதே மாதிரி செய்ய வேண்டும். அப்படியே பழக்கேன், நாளைக்கு நமக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டிலிருந்து அவரே ஈரல் வாங்கிவந்தார். அருக்காணி அன்றைக்கு மகளுக்குப் போன் செய்து அப்பாவுக்கும் நாய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஆனால் அவர் கைக்கு செவலை வரவில்லை. அவர் குனிந்து கையை மூக்கருகில் கொண்டுபோவார். இரண்டு நிமிஷத்தில் பொறுமை போய்விடும். வந்தது பர்ணாதியின் கைக்குத்தான்.

பர்ணாதி கீழ்வீட்டுக்காரி. பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர். கணவர் இறந்து பல வருஷமாகிவிட்டது. அருக்காணி என்ற பேர் அவள் வாயில் நுழையாமல் முதல் நாளே ராணி ஆகிவிட்டது. பஸ் போர்டில் இருக்கும் வங்காள எழுத்தை அருக்காணிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அவள். அனுராதா டைபாய்டில் கிடந்தபோது மூன்று வாரம் பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். பதினோரு வருஷமாக ஆபீஸிலிருந்து வந்ததும் கீழ்வீட்டில் ஒரு டீ குடிக்காமல் அருக்காணி படியேறியதில்லை. கணவரிடம் சொல்லாததைக்கூட அந்த டீ நேரத்தில் சொல்லியிருக்கிறாள்.

பர்ணாதி சொன்னதைச் சொன்னபடி செய்தாள். பக்கவாட்டாக உட்கார்ந்தாள், கையை அசைக்கவில்லை, அவசரப்படவில்லை. ஒன்பது நாளில் செவலை அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. அருக்காணிக்குத் தனக்கு வந்தபோது இருந்ததைவிட அதிக சந்தோஷம்.

செப்டம்பர் முதல் வாரம், பரமசிவம் தனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்திருப்பதாகச் சொன்னார். நவம்பரில் போய்ச் சேர வேண்டும். அருக்காணிக்கு வருத்தமில்லை, தன் ஆபீஸிலும் சென்னைக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். வீடு மட்டும் தரைத்தளமாக இருக்க வேண்டும், செவலை இருக்கிறதே என்றாள். பார்க்கலாம் என்றார் அவர்.

அந்த மாதம் பதினாறாம் தேதி அவள் கரக்பூர் போனாள். அக்கா மகள் மகேஸ்வரிக்கு வளைகாப்பு. மகேஸ்வரியின் புருஷன் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. மறுநாள் அவன் எல்லோரையும் ஒர்க்ஷாப்புக்குக் கூட்டிப்போய், மாலை போட்டு வைத்திருந்த எந்திரங்களைக் காட்டினான். பதினெட்டாம் தேதி மத்தியானம் அவள் வீடு திரும்பியபோது, ஆபீஸுக்குப் போகாமல் பரமசிவம் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

நேற்றுக் காலையில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் கீழே கேட்டைச் சாத்தாமல் போய்விட்டான் என்றார். இவர் குளியலறையில் இருந்தாராம். வெளியே வந்து பார்த்தால் செவலை இல்லை. நேற்றெல்லாம் தேடினேன் என்றார். பர்ணாதி படியேறி வந்து அருக்காணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அருக்காணி அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் தெருவில் காஸ் வண்டி வந்தது. சிலிண்டர் போடுகிற ராம்தனியை எட்டு வருஷமாகத் தெரியும், பீகார்காரன், சாது. அருக்காணி ஆறு வீட்டுக்காரர்கள் முன்னிலையில் அவனைத் திட்டினாள். இந்தியில் பாதி, தமிழில் பாதி. கேட்டைத் திறந்துபோட்டாய், ஒரு உயிர் போய்விட்டது என்றாள். அவன் எந்தக் கேட், என்றைக்கு என்று புரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் ஏஜென்சிக்கும் போன் செய்தாள். அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவுக்கு வேறு ஆள் வந்தான்.

பிறகு தேடல். பர்ணாதி தன் முத்து முத்தான எழுத்தில் வங்காளத்தில் ஒரு நோட்டீஸ் எழுதினாள். காணவில்லை, செப்டம்பர் பதினேழு காலை முதல், சிவப்பு நிறப் பெண் நாய், முதுகில் தழும்பு. நூறு பிரதி எடுத்து டீக்கடைகளிலும் மரங்களிலும் ஒட்டினார்கள். தினமும் விடிந்ததும் இரண்டு பேருமாகக் கிளம்புவார்கள். பாலிகஞ்ச் ஸ்டேஷன், டாகுரியா பாலத்துக்கு அடியில், கஸ்பாவில் குப்பை கொட்டுகிற இடம். தெருவெல்லாம் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். அருக்காணி ஒவ்வொரு சந்தின் முனையிலும் நின்று கையை நீட்டி "தொடு" என்று கூப்பிடுவாள். எதிர்ப்பக்கம் நின்று பர்ணாதியும் அதே தமிழ்ச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவாள். அறுபது வயது, முழங்கால் வலி. நீங்கள் வர வேண்டாம் என்று அருக்காணி சொன்னால், உன்னைத் தனியாக விடுவேனா ராணி என்பாள்.

அப்படி மூன்று வாரம்.

அக்டோபர் எட்டாம் தேதி கரியாஹாட் முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, சிலிண்டர் ஏற்றிய மூன்றுசக்கர வண்டியை ஓரங்கட்டிவிட்டு ராம்தனி அவள் முன்னால் வந்து நின்றான். அவன் கையில் மடித்த ஒரு தாள். டீக்கடைச் சுவரிலிருந்து கழற்றிய நோட்டீஸ். எனக்கு வங்காளம் வாசிக்கத் தெரியாது, ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன் என்றான். தேதி பதினேழு என்று இருக்கிறதாமே. அன்றைக்கு விஸ்வகர்மா பூஜை அல்லவா? எங்கள் கிடங்கு பூட்டிக் கிடந்தது. எந்த வீட்டுக்கும் சிலிண்டர் போகவில்லை. நான் நாள் முழுக்கப் பூஜையில் இருந்தேன்.

கோபமில்லாமல் சொன்னான். சொல்லிவிட்டுத் தாளை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

நம் ஊர் ஆயுத பூஜை மாதிரி, விஸ்வகர்மா பூஜையன்று அங்கே எந்திரங்களுக்கு மாலை போட்டுக் கும்பிடுவார்கள். அருக்காணி கரக்பூரில் அன்றைக்குப் பார்த்த மாலை போட்ட எந்திரங்களை நினைத்துக்கொண்டாள். தேதி இத்தனை நாளாக அவள் கையிலேயேதான் இருந்தது. நூறு பிரதி தன் கையால் ஒட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவள் கீழ்வீட்டில் டீ குடிக்கவில்லை. நேராகப் படியேறினாள்.

பரமசிவம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பதினேழாம் தேதி காஸ்காரன் வரவே இல்லீங்களாமா. விஸ்வகர்மா பூஜைக்கு லீவாமா."

அவர் பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்து டீப்பாயில் வைத்தார். அதைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன தெரிந்தது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

நாய் நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். பாருய்பூரில், தன் ஆபீஸ்காரர் ஒருவரின் கொய்யாத் தோப்பில் விட்டிருக்கிறது; திறந்த வெளி, வேளாவேளைக்குச் சோறு. சென்னையில் கொடுக்கிற வீடு மூன்றாம் மாடி, அங்கே நாய் வைக்க விடமாட்டார்கள். மாற்றல் ஜூலையிலேயே தெரியும். சொன்னால் நீ வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பாய். உனக்கு வேலை, எனக்கு வயது ஐம்பத்துமூன்று, ஒரு நாய்க்காகக் குடும்பம் இரண்டு ஊரில் கிடப்பதா? தானாகத் தொலைந்தது என்றால் பத்து நாள் அழுதுவிட்டுத் தேறிவிடுவாய் என்று நினைத்தேன்.

ஜூலை என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள். ஆகஸ்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. வேறு யார் நீட்டினாலும் வருமா என்று கேட்டது. ஈரல் வாங்கிவந்தது.

"உங்க கைக்குத்தான் அது வராதே" என்றாள். "எப்படிப் புடிச்சீங்க?"

"எனக்கு எங்க வந்துது? பர்ணாதிதான். கார்ல பின்சீட்டுல உக்காந்துட்டுக் கைய நீட்டுனாங்க. உன்னாட்டவே 'தொடு'ன்னாங்க. ஒரே தாவு, ஏறிருச்சு. நா கதவச் சாத்துனேன்."

ஒரு சங்கடம் எளிதாக முடிந்துபோனதைச் சொல்வதுபோல அதைச் சொன்னார். அவர் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். அருக்காணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

பர்ணாதியின் கதவு திறந்தே இருந்தது. மேஜையில் இரண்டு கோப்பை, ஒன்று தட்டு போட்டு மூடியிருந்தது. அருக்காணியின் முகத்தைப் பார்த்ததும் பர்ணாதி எழுந்தாள். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் எப்போதும் பேசிக்கொள்வது வங்காளத்தில்தான். அன்றைக்கும் அப்படித்தான் பேசினார்கள்.

உன் புருஷன் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார் என்றாள் பர்ணாதி. சொன்னால் அவள் கேட்கமாட்டாள், இப்படிச் செய்தால் பின்னால் உங்களுக்கு நன்றி சொல்வாள் என்றார். எனக்கும் அது சரி என்று பட்டது. நீ ஊரோடு போய் மனிதர்களோடு இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"நோட்டீஸை எழுதுனது நீங்கதானே?"

"ஆமாம்."

"டாகுரியா பாலத்துக்கடியில நின்னு அதக் கூப்பிட்டீங்க. மூணு வாரம். அது அங்க இல்லன்னு தெரிஞ்சும்."

பர்ணாதி தலையாட்டினாள். "நான் வரலேன்னா நீ தனியாப் போயிருப்பே ராணி. ரயில் பாதையெல்லாம் தாண்டிப் போயிருப்பே. அதை என்னால பார்த்துட்டு இருக்க முடியல."

"வேற என்ன நடந்துச்சு? கார்ல?"

கதவு சாத்தியதும் அது நடுங்கியது என்றாள் பர்ணாதி. என் கையையே பார்த்தது. நீ சொல்லிக்கொடுத்தபடி நான் ஈரலும் கொடுத்தேன். அது வாங்கிக்கொள்ளவில்லை.

இத்தனை வருஷத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்து தான் சொன்னதெல்லாம் அருக்காணிக்கு ஞாபகம் வந்தது. மாமியார் பற்றி, கலைந்துபோன இரண்டாவது கர்ப்பம் பற்றி, ஆபீஸில் ஒருவன் செய்த தொந்தரவு பற்றி. அத்தனையும் அங்கேயே பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தாள். இனி அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. மூடியிருந்த கோப்பையைத் தொடாமல் வெளியே வந்தாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பாலிகஞ்ச் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறிப் பாருய்பூரில் இறங்கினாள். பரமசிவம் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி, சைக்கிள் ரிக்ஷாவில் அரைமணி நேரம் போனாள். தோப்பில் காவல்காரனும் அவன் மனைவியும் இருந்தார்கள். நாயின் பெயரே அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பம்ப் ரூமுக்குப் பின்னால் கட்டியிருக்கிறது என்றாள் அந்த மனைவி.

வந்த அன்றைக்கு ரொம்ப நல்ல நாயாக இருந்தது என்றாள். கையை நீட்டி "தொடு" என்றால் தயங்கித் தயங்கி வந்து முகர்ந்து பார்க்கும். கொண்டுவந்துவிட்ட பாபு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதனால் கயிறு போட வேண்டுமென்றால் கையை நீட்டுவோம், வரும், மாட்டிவிடுவோம். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்ட அப்படித்தான் பிடித்தோம். ஐந்தாறு நாளில் வருவதை நிறுத்திவிட்டது. இப்போது கையைக் காட்டினால் பல்லைக் காட்டுகிறது. காவல்காரனின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

செவலை தென்னங்கயிற்றின் நீளத்துக்கு ஒரு வட்டம் தேய்த்து வைத்திருந்தது. அதன் நடுவில் படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தது. கயிறு இழுபடும்வரை ஓடிவந்தது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டது. அருக்காணி மண்ணில் உட்கார்ந்தாள். அது அவள் மடிமேல் விழுந்து, முகத்தை அவள் கக்கத்தில் புதைத்துக்கொண்டு உடம்பெல்லாம் உதறியது. அவள் தன்னை அறியாமல் வலது கையைத் திறந்தாள். அவ்வளவுதான். செவலை துள்ளி விலகி, கயிற்றின் மறுகோடிக்குப் போய்த் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. உதடு மேலேறிப் பல் தெரிந்தது. பார்வை அவள் முகத்தில் இல்லை, கையில்.

நான்கு மாதம் அவள் சேர்த்தது அந்த உள்ளங்கையில்தான் இருந்தது. அதை அவளிடமிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டார்கள். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். காவல்காரன் மனைவி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை ஒரு தட்டில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். அருக்காணி பாதியைத் தின்றுவிட்டு மீதியை மண்ணில் வைத்தாள். வெயில் சாயத் தொடங்கியபோது செவலை மெதுவாக வந்து, அவள் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது.

கயிற்றைக் கழுத்தில் அவிழ்க்கவில்லை. மரத்தில் கட்டியிருந்த முனையை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். கை படாமல் நடந்தாள். அது கூடவே வந்தது. ரிக்ஷாக்காரன் ஏற்ற மறுத்ததால் ஸ்டேஷன்வரை நடந்தார்கள். ரயிலில், வியாபாரிகள் கூடையோடு ஏறுகிற வெண்டர் பெட்டியில், கொய்யாக் கூடைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. அவளுடைய செருப்பின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு செவலை பாலிகஞ்ச்வரை தூங்காமல் வந்தது.

வீட்டில் பரமசிவம் இருவரையும் பார்த்தார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அவளும் சாப்பிட்டேன் என்றாள். அதன் பிறகு அவர் ஊருக்குப் போகும்வரை அந்த வீட்டில் பேச்சு பெரும்பாலும் அந்த மாதிரியேதான் நடந்தது.

அருக்காணி முதலில் காஸ் ஏஜென்சிக்குப் போய், தன் புகார் தவறு என்று எழுதிக் கொடுத்தாள். ராம்தனியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் சங்கடப்பட்டுக்கொண்டு, நாய் கிடைத்ததா என்று கேட்டான். அடுத்த நாள் அலிப்பூர் ஆபீஸில், சென்னைக்கு மாற்றல் கேட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நாலு வரி தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டாள்.

அதைச் சொன்னபோதுதான் பரமசிவம் குரலை உயர்த்தினார்.

"ஒரு நாயிக்காகவா, அம்மிணி?"

"நாயிக்காக இல்லீங்க. என்ற கையில இருந்ததத் திருடிட்டீங்க. இன்னொருத்திகிட்டக் குடுத்து எடுக்கச் சொன்னீங்க. நா ஊரெல்லாம் அழுதுட்டுத் திரியறதப் பாத்துட்டு உக்காந்து பேப்பர் படிச்சீங்க. உங்ககூட வாரதுக்குப் பயமா இருக்குதுங்க."

பயம் என்ற சொல்லை அவர் எதிர்பார்க்கவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் பர்ணாதி தட்டில் தேங்காய் உருண்டை வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். பூஜை முடிந்தால் வீடு வீடாகப் போய்க் கட்டிக்கொண்டு பகை மறப்பது அந்த ஊர் வழக்கம். அருக்காணி கதவைத் திறந்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். காலைத் தொட்டுக் கும்பிட்டாள், பெரியவள் என்பதால். கட்டிக்கொள்ள பர்ணாதி கைகளை விரித்தபோது அவள் நகராமல் நின்றாள். பர்ணாதி கைகளை இறக்கிக்கொண்டாள். என்னோடு இனிப் பேசவே மாட்டாயா என்று கேட்டாள். பேசுவேன், சொல்லத்தான் ஒன்றும் இருக்காது என்றாள் அருக்காணி. பர்ணாதி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

நவம்பரில் பரமசிவம் தனியாகச் சென்னைக்குப் போனார். கம்பெனி வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. பவானிபூரில் முனுசாமி என்பவர் அரிசி, அப்பளம், காபிப்பொடி விற்கிற கடை வைத்திருந்தார். அவர் கடைக்குப் பின்னால் தரைத்தளத்தில் இரண்டு அறை காலியாக இருந்தது. அருக்காணி அங்கே குடிபோனாள். அனுராதா முதலில் அம்மாவிடம் கோபித்துக்கொண்டாள். முழுவதும் கேட்ட பிறகு அப்பாவிடம் ஒரு மாதம் பேசவில்லை. அதுவும் வேண்டாம் என்று அருக்காணியே சொல்லிச் சரிசெய்தாள்.

"தொடு" என்ற சொல்லை அவள் மறுபடி உச்சரிக்கவில்லை. ஒரு மரக்கரண்டியை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். கரண்டியின் நுனியில் மூக்கு பட்டால் ஈரல். சொல் "வா" என்று மாறியது. இந்தத் தடவை மூக்கு படவே பிப்ரவரியாகிவிட்டது. அதுவும் அவளிடம் மட்டும்தான். முனுசாமி தானும் பழகிப்பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாங்க, இதுக்கு என்னைத் தவிர யாரும் தேவையில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த எட்டுப் பக்கத்தில் சொன்னதற்கு இது விரோதம் என்று அவளுக்குத் தெரியும்.

ஏப்ரலில் பரமசிவம் ஐந்து நாள் லீவில் வந்தார். இளைத்திருந்தார். முன்னறையில் கட்டிலில் படுத்தார், சந்தைக்குப் போய்க் கீரை வாங்கிவந்தார், பழுதான குழாயைச் சரிசெய்தார். செவலை உள்ளறையிலேயே இருந்தது. ஒரு சாயங்காலம் அவர் உள்ளறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணிட்டேன் என்று அவளைப் பார்க்காமல் சொன்னார். ஆமாங்க என்றாள் அவள். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்; அதை நிறுத்தவில்லை.

கிளம்புகிற அன்று, எப்போது சென்னைக்கு வருவாய் என்று கேட்டார். தெரியலீங்க என்றாள். அவரைத் தண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. ஹௌராவுக்குப் போகிற பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு, அவர் ஜன்னலோரம் உட்காரும்வரை நின்றாள். பிறகு எதிர்ப்பக்கம் போய், அலிப்பூர் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றாள்.